அம்பாசிடருக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

அரிசி ஆலை முதலாளி சொக்கலிங்கத்தின் பழைய வெள்ளை அம்பாசிடரில் பின்கதவு நசுங்கியிருந்தது. அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து அதில்தான் அழைத்து வர வேண்டும்.

"மாசானம், நசுங்கல் அவங்க கண்ணுல படக் கூடாது. பட்டறைக்கும் விடாதே. ஒரு கதவு மட்டும் புதுசா மின்னுனா ஊரே சிரிக்கும். கண்ணுல பட்டுச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

டிரைவர் மாசானத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். வீட்டுக்கு ஓடி, கைக்குழந்தையின் மைச்சிமிழை எடுத்து வந்தான். நசுங்கல் மறையும்படி வட்டமாய்க் கறுப்புப் பொட்டு வைத்தான்.

ஸ்டேஷனில் மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "காருக்குமா திருஷ்டிப் பொட்டு?"

"பாக்கிறவங்க கண்ணெல்லாம் இது மேலதாம்மா."

"இருக்கும். எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க!"

கார் வாசலில் நின்றது. வரவேற்க வந்த முதலாளி கதவைப் பார்த்ததும் கத்தினார்: "ஏன்டா, நசுங்கலை மறைக்கச் சொன்னா மையைப் பூசி வச்சிருக்கே?"

"நசுங்கலா? எங்கே?" என்று அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

மாசானம் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் காட்டலை, முதலாளி. நீங்கதான் காட்டிட்டீங்க. இப்போ நாளைக்கு யாரு வேலைக்கு வரக் கூடாது?"