கவுந்து போன ப

கால நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்கோ. சித்தி சொல்லச் சொல்ல நீ 'ம்' போடணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு பால்வாடி இருந்துச்சாம். உப்பளத்து ஓரமா ஓடு போட்ட கட்டடம். அதுல ரோசலின் டீச்சர்னு ஒருத்தி, அப்பதான் புதுசா வேலைக்கு வந்தவ. அங்க கரும்பலகை வெடிச்சுப் போயிக் கெடந்துச்சா, அதனால ஒரு பெரிய தாம்பாளத்துல மணலப் பரப்பி, தனக்கு முன்னால வச்சுக்கிட்டு, சர்ர்ருனு விரலால எழுதிக் காட்டுவா. பிள்ளைக அதப் பாத்துச் சிலேட்டுல எழுதிக் கொண்டாரணும்.

மத்த பிள்ளைக எல்லாம் டீச்சரோட ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு உக்காருவாக. இசக்கின்னு ஒருத்தி மட்டும் நேர் எதிர்ல போயி உக்காருவா. ஏன் தெரியுமா? டீச்சர் முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம். அம்புட்டுப் பிரியம்.

ம் சொல்லு.

மொத நாளு டீச்சர் 'ப' எழுதுனா. கிண்ணம் மாதிரி இருக்கும்ல, அந்த ப. எல்லாரும் எழுதிட்டாக. இசக்கி சிலேட்டத் தூக்கிட்டு ஓடியாந்தா. பாத்தா, கிண்ணம் கவுந்து கெடக்கு!

"சிலேட்டத் தலைகீழாப் பிடிச்சிருக்க பாரு"ன்னு டீச்சர் திருப்பி வச்சா.

"இல்ல டீச்சர், இப்படித்தான்"னு இசக்கி மறுபடியும் திருப்பி வச்சா.

பிள்ளைக கொல்லுனு சிரிச்சிட்டாக.

அப்புறம் ரெண்டாம் நாளு 'ட'. அதுவும் தலைகீழு. "ஏட்டி, கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?"ன்னு டீச்சர் சத்தம் போட்டா. அப்புறம் மூணாம் நாளு 'ம'. அதுவும் அப்படியே. அன்னைக்கு டீச்சருக்குக் கோவம் சுர்ருனு ஏறிட்டு. இசக்கியச் செவத்தோரமா நிக்க வச்சு, "இவளுக்கு மூளையே கவுந்து கெடக்கு"ன்னு சொல்லிட்டா. அவ்வளவுதான். பிள்ளைக எல்லாம் "கவுந்த சட்டி, கவுந்த சட்டி"ன்னு பாட ஆரம்பிச்சிட்டாக. டீச்சர் அத நிறுத்தச் சொல்லல. அவளும் லேசாச் சிரிச்சா.

ம்... ஆமா. சிரிச்சாதான்.

சாயங்காலம் இசக்கியோட அம்மா செல்லக்கனி கூட்டிட்டுப் போக வந்தா. உப்பு வாரி வாரி கையெல்லாம் வெடிச்சிருக்கும் அவளுக்கு. டீச்சர் சொன்னா: "ஒங்க பிள்ளைக்கு எழுத்து ஏறாதுங்க. வீட்டுலயே வச்சுக்கிடுங்க, அடுத்த வருசம் பாப்போம்."

செல்லக்கனி தலையக் குனிஞ்சுக்கிட்டா. "நாங்க பள்ளிக்கூடமே போனதில்ல டீச்சர். எங்க ரத்தம் அப்படிப் போலருக்கு. மன்னிச்சுக்கிடுங்க"ன்னா. மன்னிப்பு அவ கேட்டா, பாத்தியா.

மறுநாளு இசக்கி வரல. டீச்சர் மணல்ல 'ப' எழுதுனா. அப்போ டொக்குனு சிலேட்டுக் குச்சி டப்பா கை பட்டு உருண்டு, இசக்கி உக்காருற எடத்துக்கு ஓடிட்டு. எந்திரிச்சுப் போயி, அங்க குத்த வச்சு உக்காந்து பொறக்குனா. பொறக்கிட்டு நிமிர்ந்து பாத்தா...

திக்குனு ஆயிட்டு.

தாம்பாளத்துல 'ப' கவுந்து கெடக்கு. எதிர்ல இருந்து பாத்தா எழுத்து தலைகீழாத்தான தெரியும்! அந்தப் பிள்ள கண்ணுல பட்டத அச்சு அசலா அப்படியே எழுதியிருக்கா. ஒரு புள்ளி தப்பில்ல. தப்பெல்லாம் யாரு மேல? டீச்சருக்கு முகமெல்லாம் எரிஞ்சுச்சு. பிள்ளைக பாக்குதுகளேன்னு தலைய நிமிர்த்த முடியல.

அப்புறம் பால்வாடி ஆயாகிட்ட பிள்ளைகள ஒப்படைச்சிட்டு, வெயிலுல விறுவிறுன்னு உப்பளத்துக்கு நடந்தா. வரப்பு மேல இசக்கி முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. ஈர மண்ணுல குச்சியால எழுதுதா. கவுந்த ப, கவுந்த ப, வரிசையா. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புனவ, டீச்சரக் கண்டதும் பதறிப்போயி எந்திரிச்சு, சரக்கு சரக்குனு காலால எல்லாத்தையும் அழிச்சிட்டா.

டீச்சர் அந்தச் சேத்துலயே மண்டி போட்டுட்டா. உப்பு வாருன பொம்பளைக எல்லாம் நின்னு பாக்காக. "இசக்கி, நீ சரியாத்தாம்மா எழுதுன. நாந்தான் தப்பாக் காட்டுனேன்"னா.

இசக்கி கேட்டா: "அப்ப எனக்கு மூளை நேராத்தான் இருக்கா டீச்சர்?"

டீச்சர் ஆமான்னு தலைய ஆட்டுனா.

செல்லக்கனி வந்து மகளோட கையப் பிடிச்சா. கோவமா ஒரு வார்த்த பேசல. "இங்க எங்ககிட்டச் சொல்லிட்டீங்க டீச்சர். சிரிச்ச பிள்ளைக அங்கல்ல இருக்கு"ன்னா.

எது கஷ்டம்னு நெனைக்க? அம்மாகிட்டச் சொல்லியாச்சு, பிள்ளைகிட்டச் சொல்லியாச்சு. ஆனா பொடிப் பிள்ளைக முன்னால நின்னு சொல்லணுமே! மறுநாளு இசக்கியும் வந்திருந்தா. டீச்சர் மூணு தடவ தொண்டையச் செருமுனா. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையா இசக்கி எடத்துல உக்கார வச்சு, தாம்பாளத்தப் பாக்கச் சொன்னா. "ஐய, கவுந்திருக்கு!"ன்னு ஒவ்வொண்ணும் கத்துச்சு. "ஆமா. தப்பு என்னுது. அவளச் சிரிச்சதும் தப்பு. கூடச் சேந்து சிரிச்சவ நானு"ன்னா.

அன்னையில இருந்து டீச்சர் இசக்கி பக்கத்துல உக்காந்துதான் எழுதிக் காட்டுனா. ரெண்டே நாள்ல ப நேரா வந்துட்டு. ஆனா ஒண்ணு. ஒவ்வொரு எழுத்துக்கும் இசக்கி குச்சிய நிறுத்தி, டீச்சர் முகத்தப் பாத்து, "சரியா?"ன்னு பயந்து பயந்து கேப்பா. கேக்கும்போதெல்லாம் டீச்சருக்குச் சுருக்குனு குத்தும். "சரிதாம்மா"ம்பா. ஆடி போச்சு, ஐப்பசி போச்சு, அந்தக் கேள்வி போகல.

தை மாசத்துல ஒரு நாளு. 'படம்'னு எழுதச் சொன்னா. இசக்கி குனிஞ்சா. ப போட்டா. ட போட்டா. ம போட்டு மேல டொக்குனு புள்ளி வச்சா. ஒரு தடவகூட நிமிரல. எழுதி முடிச்சிட்டுச் சிலேட்டக் கீழ வச்சிட்டு, வெளையாட ஓடிட்டா.

டீச்சர் அந்தச் சிலேட்ட மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா.

ம்? 'ம்' காணோமே... சரி சரி. கத அந்தப் பக்கம் போச்சு, தூக்கம் இந்தப் பக்கம் வந்துச்சு. தூங்கு தங்கம்.