டயர் ஆறாத வேகம்

மயில்சாமி கார் ஓட்டிய காலத்தில், அவருடைய நிழல் மறுநாள் பஸ் பிடித்துத்தான் ஊர் வந்து சேரும் என்று கோயம்புத்தூரில் பேச்சு. அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. சாயங்காலமே வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பந்தயத்தில்கூட முதலாவதாக வந்ததில்லை. ஒரே ஒரு தடவை, கடைசிச் சுற்று வரைக்கும் முன்னால் இருந்தார். கடைசி வளைவில் கார் வழுக்கிச் சேற்றில் இறங்கியது. முடிவுக்கோடு எதிரே வெள்ளையாகத் தெரிந்தது. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போவதைச் சேற்றில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

இப்போது ஐம்பதைக் கடந்து, அதே பந்தயத் தளத்துக்கு சேஃப்டி கார் ஓட்டப் பழக வந்திருக்கிறார். பந்தயத்தின் நடுவே விபத்து நடந்தால், கூரையில் மஞ்சள் விளக்கோடு வந்து எல்லாருக்கும் முன்னால் போகிற கார் அது. விளக்கு எரிகிறவரை யாரும் யாரையும் முந்தக்கூடாது. தடம் சரியானதும் அது பக்கவழியில் ஒதுங்கிவிடும். பந்தயம் தொடரும்.

பழக்குகிறவள், பல வருஷமாக அதை ஓட்டிவரும் வாகிதா. அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அதனாலேயே அவளை "குருவே" என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான்.

"எத்தனை வேகத்துல போகோணுமுங்க, குருவே?"

வாகிதா அவரை, அப்போதுதான் ஓடி வந்து நின்ற பந்தயக் காருக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள்.

"டயரைத் தொடுங்ண்ணா."

தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார். "யப்பா! தோசைக்கல்லு!"

"இது ஆறாத வேகத்துல."

"ஒரு நம்பரைச் சொன்னா முடிஞ்சுதுங்களே."

"நேர்ப்பாதையில நூத்தம்பதும் உண்டு, வளைவுல அறுபதும் உண்டு. தடத்துல ஆளுங்க வேலை செஞ்சிட்டிருப்பாங்க, அவங்க மேல ஏறக்கூடாது. ரொம்ப மெதுவாப் போனா பின்னால இருக்கறவங்க டயர் ஆறிரும். ஆறுன டயர் ரோட்டைப் பிடிக்காது. நாம ஒதுங்கினதும் வழுக்குவாங்க. சேறு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

மயில்சாமி போய் சேஃப்டி காரில் ஏறி உட்கார்ந்தார்.

பயிற்சியில் பயபக்தியோடு உருட்டினார். ஓட்டி முடித்ததும் பின்னால் பந்தயக் கார்களில் வந்த பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங் மாமா, மாப்பிள்ளை அழைப்புங்களா? மேளத்தைக் காணோம்!"

அடுத்த தடவை ரோஷத்தோடு மிதித்தார். காற்றே ஓரமாக நின்று வழிவிட்டது. இரண்டு வளைவு தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் ஈ காக்காய் இல்லை.

"யாருக்குங்ண்ணா முன்னால போறீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த வாகிதா.

அன்றைக்கு டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "குருவே, விளக்கு எரிஞ்சுட்டிருக்கறப்பவே பந்தயம் முடியற மாதிரி ஆயிட்டா?"

"அப்பவும் நாம கோட்டுக்கு முன்னாடியே ஒதுங்கிரணும். அவங்க வரிசை மாறாமப் போய்க் கோட்டைத் தொடுவாங்க."

"ஒதுங்காம நேராப் போயிட்டா?"

"ஒருத்தர் போனார்ங்ண்ணா." வாகிதா டம்ளரைக் கீழே வைத்தாள். "கோட்டைத் தாண்டினார். ருசி விடலை. விளக்கை அணைக்காம அப்படியே வெளிய போயிட்டார். அத்தனை காரும் பின்னாலயே. மஞ்ச விளக்கு எரியுதே, முந்தக்கூடாதே! பல்லடத்துல பெட்ரோல் போட்டார். எல்லாரும் வரிசையா நின்னாங்க. பழனியில மொட்டை அடிச்சார். எல்லாரும் வரிசை மாறாம மொட்டை. கடைசியில தனுஷ்கோடி. முன்னால கடல்."

"அப்புறம்? ஜெயிச்சது யாரு?"

"இன்னும் தெரியலீங்களே. அவர் விளக்கை அணைக்கவே இல்லை."

மயில்சாமி சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முடியப் போகிற நேரத்தில் இரண்டு கார்கள் மோதித் தடத்தின் நடுவே கிடந்தன. ஓட்டினவர்கள் நடந்தே வெளியே வந்துவிட்டார்கள். மயில்சாமி மஞ்சள் விளக்கோடு கிளம்பினார். பக்கத்தில் வாகிதா. ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் அடக்கினார். தாண்டியதும் காரைப் பிழிந்து எடுத்தார். அப்படியும் பின்னால் முதலாவதாக வந்த பையனுக்குப் போதவில்லை. டயர் ஆறிவிடக் கூடாதென்று இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே வந்தான். மேளத்தைக் காணோமென்று கேட்டவன்தான்.

மோதிய கார்களை ஓரமாக இழுத்துப் போட்டு முடியவில்லை. கடைசிச் சுற்றும் வந்துவிட்டது.

கடைசி வளைவு. தன்னைச் சேற்றில் இறக்கிய அதே வளைவு. கார் தடத்தைக் கவ்விக்கொண்டு திரும்பியது. எதிரே வெள்ளைக் கோடு. கட்டம் போட்ட கொடியோடு ஒருவர் தயாராக நின்றார். மயில்சாமிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு காரும் இல்லை.

"குருவே..." கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஒரே ஒருக்கா. போயிரட்டுங்களா?"

வாகிதா வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிவைத்தாள்.

கண்ணாடி நிறைய அந்தப் பையன். இன்னும் நெளிந்துகொண்டிருந்தான்.

மயில்சாமி ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் பக்கவழியில் இறங்கியது. வலப்பக்கம் ஒவ்வொன்றாகக் கார்கள் சீறிக் கடந்தன. தடத்தோரச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் கத்திய கத்தலில் பாலக்காட்டில் பறவைகள் கிளம்பியிருக்கும்.

காரை நிறுத்திய பிறகும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

"இத்தனை வருஷமா இங்கயே ஒதுங்கறீங்களே, குருவே. ஆசை விட்டுப்போச்சுங்களா?" இந்தத் தடவை அந்த வார்த்தையில் கேலி இல்லை.

வாகிதாவும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுப்போன ஆளு இதை ஓட்டுனா, பின்னால வர்றவங்களுக்கு டயர் ஆறிப்போயிருமுங்ண்ணா."