ஆழியூரில் மழை

“நான் ஒரு ஊரைக் கட்டியிருக்கேன் டீச்சர். ஆயிரத்து இருநூறு பேர் இருக்காங்க. ஒருத்தருக்கும் உயிர் இல்ல.”

பூவராகன் இதைச் சொன்னபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளி அது. வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து ரோஸ்லின் டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

டீச்சர் நிமிரவில்லை. நோட்டுக் கட்டை மடிக்கு இழுத்துக்கொண்டு சற்று நகர்ந்தார். பூவராகன் குடையை மடக்கிச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. டீச்சருக்கு முப்பத்தெட்டு. வாயால் ஒரு வார்த்தை பேசாமல் அறுபது பிள்ளைகளைக் கட்டி ஆள்கிறவர் என்று டீச்சரைப் பற்றி யாரோ சொல்லி, பூவராகன் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“உயிர் இல்லன்னா?”

“கம்ப்யூட்டர் விளையாட்டு டீச்சர். ஆழியூர்னு பேரு. காடு, கடல், கோட்டை, சந்தை எல்லாம் இருக்கு. விளையாடுறவங்க எங்க வேணும்னாலும் போகலாம், எது வேணும்னாலும் செய்யலாம். ஆனா அந்த ஊர் ஜனங்க எதையும் கண்டுக்க மாட்டாங்க. சந்தைக்கே தீ வெச்சிட்டு வந்து நின்னாலும், காய்கறிக்காரி ‘இன்னிக்கு வெண்டைக்காய் பிஞ்சா இருக்கு’ம்பா.”

“எங்க சொந்தக்காரங்க மாதிரி” என்றார் டீச்சர்.

பூவராகன் சிரிக்கவில்லை.

“எத்தனை பேர் விளையாடுறாங்க?”

“நாப்பதாயிரம்.”

“எல்லாருக்கும் இந்தக் குறை இருக்கா?”

“இருக்கு. திட்டி எழுதுறாங்க.”

“அவங்க திட்டுக்கா இந்த மழையில வந்தீங்க?”

பூவராகன் முற்றத்தில் தேங்கும் நீரைப் பார்த்தார்.

“நாப்பதாயிரத்துல ஒருத்தி என் பொண்ணு.”

மிருதுளா அவரோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு, கட்டிக்கொள்ள இருந்தவனையும் விட்டுவிட்டு, ஒரு பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். “எல்லாம் சரியாயிடும்” என்றார் அவர். அவள் அழுதாள். “எல்லாம் சரியாயிடும்.” மறுநாள் கத்தினாள். அதற்கும் அதேதான். அவரிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறார்.

மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது சொன்னாள்:

“உங்க கோட்டை வாசக் காவக்காரனே தேவலைப்பா. அவனுக்காவது பேச மூணு வரி இருக்கு.”

ஆழியூருக்காக அவர் முதன்முதலில் செய்த ஆள் அந்தக் காவல்காரன். இவ்வளவையும் டீச்சரிடம் சொன்னார்.

“போனை எடுக்கறதில்ல டீச்சர். எந்த ஊர்ல இருக்கான்னுகூடத் தெரியாது. ஆனா ஆழியூருக்கு வர்றா. தவிட்டுக்குருவின்னு பேர் வெச்சுக்கிட்டு வர்றா. சின்னப் பிள்ளையில நான் கூப்பிட்ட பேரு. யார் வந்தாங்க, எங்க எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு எங்ககிட்ட பதிவாகும். பார்க்கக் கூடாதுதான். பார்க்கறேன்.”

“தினம் வர்றாளா?”

“முதல்ல தினம் வந்தா. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. போன மாசம் ஒரே ஒரு தடவை.”

“அதுவும் நின்னுட்டா?”

பூவராகன் குடையிலிருந்து வழிந்த நீரைக் காலால் ஒதுக்கினார். டீச்சர் இன்னொரு நோட்டை எடுத்தார்.

“அந்தக் காவக்காரனுக்கு ஒரு வருஷமா வரி எழுதறேன். மூணு வரி இப்ப நானூத்திப் பன்னெண்டு. அவ கையில காயம் இருந்தா கேட்பான். போன தடவை எந்தப் பக்கம் போனான்னு ஞாபகம் வெச்சிருப்பான்.”

“அவ கேட்கறாளா?”

“பேச்சைத் தாண்டிப் போற பட்டனைத் தட்டிட்டுப் போயிடறா. ஒரு வினாடிகூட நிக்கறதில்ல.”

“அந்த நானூத்திப் பன்னெண்டுல ‘எல்லாம் சரியாயிடும்’ இருக்கா?”

அவர் விரல் விட்டு எண்ணினார்.

“நாலு இடத்துல இருக்கு.”

டீச்சர் நோட்டை மூடினார். “காட்டுங்க, பார்க்கலாம்.”

பூவராகன் மடிக்கணினியைத் திறந்தார். எந்த விசை நடக்க, எந்த விசை குதிக்க என்று சொல்லிக்கொடுத்தார். டீச்சர் கோட்டை வாசலுக்கு நடந்தார்.

‘வருக, பயணியே. நெடுந்தூரம் வந்த களைப்புத் தெரிகிறதே’ என்றான் காவல்காரன்.

டீச்சர் வாளை உருவினார். ‘வாள் எதற்கு? இங்கே பகைவர் இல்லை’ என்றான். அவனைச் சுற்றி ஏழெட்டு முறை குதித்தார். ‘உற்சாகமாக இருக்கிறீர்கள் போலும்’ என்றான்.

“பரவாயில்ல சார். எங்க ஹெட்மாஸ்டரைவிட நல்லாப் பேசறான்.”

அப்போது ஆழியூரிலும் மழை பிடித்தது. டீச்சர் வாசலுக்குள் ஒதுங்கப் பார்த்தார். சின்னக் கூரை. அதன் நட்டநடுவில் காவல்காரன் நின்றான். ‘நல்ல மழை, பயணியே. நனைந்துவிடாதீர்கள்’ என்றான்.

டீச்சர் முட்டினார். இடமில்லை. பக்கவாட்டில் நுழையப் பார்த்தார். இடமில்லை. ‘நனைந்துவிடாதீர்கள்’ என்றான் மறுபடியும்.

“நனையாதேங்கறான். நகர மாட்டேங்கறானே.”

“அது அவனோட இடம் டீச்சர். நகர்ற மாதிரி அவனைச் செய்யல.”

வகுப்பறையில் விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்தது. அந்தப் பள்ளிக்கு அதுதான் மணி. டீச்சர் நோட்டுக் கட்டோடு எழுந்தார்.

“டீச்சர், அவனுக்கு நான் என்ன எழுதணும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“வந்ததும் இந்த பெஞ்சுல உக்காந்தீங்கல்ல சார்?”

“ஆமா.”

“உக்காருங்கன்னு யார் சொன்னா?”

கேட்டுவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார்.

பூவராகன் எழுந்து நின்று பெஞ்சைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடம் காய்ந்திருந்தது. டீச்சர் நகர்ந்து உட்கார்ந்த பக்கம் சாரலில் ஊறிக் கறுத்திருந்தது.

குடையை எடுக்காமலே பஸ் ஏறினார்.

நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை அழிக்க ஒரு நிமிடம் ஆனது. காவல்காரனை ஒரு அடி நகரவைக்க ஒன்பது நாள் ஆனது. மழை பெய்ய வேண்டும், யாராவது கூரையை நோக்கி வர வேண்டும், அப்போது மட்டும் அவன் நகர வேண்டும். நகர்ந்தால் அவனுடைய இடது தோள் வெளியே நனையும். அதையும் செய்தார்.

“காவக்காரனுக்கு யார்கூட சார் கோபம்? பேச்சையே நிறுத்திட்டான்” என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

அவர் காத்திருந்தார்.

ஆனியில் தவிட்டுக்குருவி ஒரு முறை வந்தாள். ஆழியூரில் நல்ல வெயில். வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். ஆடி முழுக்க வரவில்லை. ஆவணியில் வந்தாள். அன்றும் வெயில்.

அவள் வரும்போது மழையைக் கொண்டுவர அவரால் முடியும். ஒரு வரி எழுதினால் போதும். ஒரு மாலை அதை எழுதியும் விட்டார். இது யாருக்காக என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு அழித்துவிட்டார்.

புரட்டாசியில் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பூவராகன் மறுபடியும் இரண்டு பஸ் மாறி வந்தார். வராந்தாவில் வெயில் விழுந்திருந்தது. அவருடைய குடை அதே மூலையில் சாத்தியபடி இருந்தது. ரோஸ்லின் டீச்சர் நோட்டுக் கட்டை மடிக்கு எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இந்த முறை அவர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.



“நேத்து வந்தா டீச்சர்.”

“மழை இருந்துச்சா?”

“இருந்துச்சு. பாதி வழியில பிடிச்சிருக்கு. வாசலுக்கு ஓடி வந்திருக்கா. அவன் நகர்ந்திருக்கான். அவ உள்ள வந்து, அவன் பக்கத்துல நின்னிருக்கா.”

“எவ்வளவு நேரம்?”

“பத்தொம்பது நிமிஷம்.”

“நல்ல மழைதான்.”

“இல்ல டீச்சர்” என்றார் பூவராகன். “ஆழியூர்ல மழை ஏழு நிமிஷந்தான் பெய்யும்.”