பட்டுத்துணிக்குள் இருந்த பெட்டி

ஆவுடையப்பன் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பொட்டு விளக்குகூட எரியவில்லை.

“பத்து வருஷம் வரும்னானே, படுபாவி! மூணு வருஷம்கூட முழுசா ஆகலையே! நாசமாப் போவான்!”

மலைமேல் இருந்த அந்த மடத்தில் கரண்ட் நிலையாக இருப்பதில்லை. ஒரு பெருங்காற்று அடித்தால் போதும், போய்விடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பக்தர் அந்த பேட்டரிப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். சார்ஜ் ஏற்றி வைத்தால் விளக்கு எரியும், மிக்ஸி ஓடும். ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம்.

மடத்துச் சாமான்களுக்கெல்லாம் ஆவுடையப்பன்தான் பொறுப்பு. கடைக்காரன் பெட்டியை இறக்கி வைத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எத்தனை வருஷம் வரும்?”

“தாராளமா பத்து வருஷம் வரும் சாமி. சார்ஜ் ஏறி ஏறி இறங்கும்போது கொஞ்சங்கொஞ்சமாத் தேயும், அது இயற்கை. சும்மா வச்சிருந்தாலும் அப்பப்ப சார்ஜ் போட்டுருங்க, இல்லைன்னா செத்துரும்.”

தேயும் என்ற சொல் மட்டும் ஆவுடையப்பன் காதில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் மனதில் நிற்கவில்லை. சார்ஜ் போட்டால்தானே தேயும்? போடவே வேண்டாமே! பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பட்டுத்துணி போர்த்தி, சாமி அறையில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் வேறு காட்டினார், மகராசன்.

மடத்துக் குரு உமையாள் அம்மா. ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். அவரும் சொல்லிப் பார்த்தார்.

“எடுத்துப் புழங்குங்க.”

“ஆகட்டும் அம்மா” என்பார் ஆவுடையப்பன். சாவி மட்டும் அவர் இடுப்பைவிட்டு இறங்காது.

அன்று விடிந்ததிலிருந்து பேய்மழை. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. சமையல் வேலை பார்க்கும் செல்லக்கனிக்கு வீசிங் வந்துவிட்டது. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டு, மத்தியானம் ஆவுடையப்பன் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைக் குடுங்க. நெஞ்சு அடைக்குது.”

“இதுக்கெல்லாமா அதை எடுக்கிறது? கரண்ட் இப்ப வந்துரும். வெந்நியைக் குடிச்சிட்டுப் படு, போ.”

கரண்ட் வரவில்லை. பொழுது சாயும்போது செல்லக்கனியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. உமையாள் அம்மா சாமி அறை வாசலில் வந்து நின்றார்.

“திறங்க.”

திறந்தார். பட்டுத்துணியை விலக்கினார். பெட்டி செத்துக் கிடந்தது. அப்போதுதான் ஓங்கித் தட்டினார், கடைக்காரனை வாயில் வந்தபடி திட்டினார்.

“திட்டினது போதும். ஒரு பக்கம் பிடிங்க” என்றார் அம்மா.

மெஷினையும் மடியில் வைத்து, கயிற்றுக் கட்டிலோடு செல்லக்கனியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு அடிவாரத்திலிருந்துதான் ஆட்டோ கிடைக்கும். அங்கேயும் ஒரே இருட்டு. பேச்சியம்மாளின் டீக்கடையில் மட்டும் பல்பு எரிந்தது.

பல்புக்குக் கீழே அதே பெட்டி. மலையேறுகிறவர்களுக்கு இவள் தண்ணீர் கொடுக்கிறாளே என்று, அந்த பக்தர் அன்றைக்கே இவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். கைப்பிடி உடைந்து, கயிறு கட்டியிருந்தது. மேலெல்லாம் பால் கறை.

“கீழ வைங்க, கீழ வைங்க!” என்று பேச்சியம்மாள் ஓடிவந்தாள். செருகியிருந்த போன்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மெஷினைச் செருகினாள். மெஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் செல்லக்கனியின் நெஞ்சு ஏறி இறங்குவது நிதானப்பட்டது. ஒரு பையன் ஆட்டோவுக்கு ஓடினான்.

“எங்க கல்யாணம், எங்க திருவிழான்னாலும் இதைத்தான் தூக்கிட்டுப் போவாங்க” என்றாள் பேச்சியம்மாள். “நல்லாத்தான் இருக்கு, பாவம்.”

ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா, இது எந்த ஊரு நியாயம்? ரெண்டும் ஒரே நாள்ல வந்த பெட்டி. இவ போட்டு அடிச்சிருக்கா. நான் ஒரு கீறல் விழாமப் பாத்தேன். இது ஓடுது, அது செத்துப்போச்சு! நாளைக்கே கடைக்குப் போறேன். எத்தனை வருஷம்டா வரும்னு அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்காம விடமாட்டேன்!”

உமையாள் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு ஆவுடையப்பன் பார்த்ததே இல்லை.

“கடைக்கு எதுக்குப் போறீங்க? இங்கேயே கேளுங்க.”

“இங்க யாருகிட்ட அம்மா?”

அம்மா கட்டிலைக் காட்டினார்.

செல்லக்கனி மெஷினின் முகமூடிக்கு மேலே கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“ம், கேளுங்க” என்றார் அம்மா. “எத்தனை வருஷம் வரும்னு அவகிட்ட கேளுங்க.”