உட்கார்ந்த இடமே குலம்

செங்காட்டு நாட்டை இளவழுதி ஆண்டபோது, அவர் நந்தவனத்துச் செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி விழுந்தது. மாவைத் தூவியதுபோல் கொம்பெல்லாம் அப்பிக்கொண்டு, அசையாமல் சாற்றைக் குடித்தது.

அரசர் வாகீச பண்டிதரைக் கேட்டார். பண்டிதர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "இது செம்பருத்தியான். செம்பருத்தி வேரிலேயே பிறக்கும் இனம். செடியை ஒழித்தால் பூச்சியும் ஒழியும்."

அரசர் செடிகளை வெட்டச் சொன்னார். வெட்டிய கொம்புகளை ஊர் நடுவே இழுத்துப் போய் எரித்தார்கள். சில நாளில் கத்தரியில் பூச்சி வந்தது. பண்டிதர் அதற்குக் கத்தரியான் என்று பெயர் வைத்தார். கத்தரித் தோட்டங்கள் போயின. அடுத்து மாதுளையான். மாதுளையும் போயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் பண்டிதருக்கு ஒரு பட்டுச் சால்வை. "எதன் பெயரில் பூச்சி உண்டோ, அது வேரோடு வெட்டப்படும்" என்று அரசர் ஆணையே போட்டுவிட்டார்.

விதூஷகர் கூத்தநம்பி இதையெல்லாம் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், இழுத்துப் போகிற மாதுளைக் கொம்பிலிருந்து பொடிக் குஞ்சுகள் வேலியோரப் பருத்தியில் உதிர்வதைக் கண்டார். நாட்டில் பாதிப்பேர் பருத்தியால் சோறு தின்பவர்கள்.

நேரே அரசரிடம் போனார். "அரசே, இத்தனையும் ஒரே பூச்சி என்று நினைக்கிறேன்."

"பண்டிதர் மூன்று என்கிறாரே. நிரூபிக்க முடியுமா?"

"முடியும். பண்டிதருக்கு மட்டும் சொல்ல வேண்டாம்."

"முடியாவிட்டால் நீர் நாட்டில் இருக்கக் கூடாது."

"சரி, அரசே."

எங்கோ தப்பிப் பிழைத்த ஒரு செம்பருத்திக் கொம்பைத் தேடிப்பிடித்தார் கூத்தநம்பி. அரசர் கண்ணெதிரே அதிலிருந்த பூச்சிகளைத் தொட்டியில் வளர்ந்த பருத்திச் செடியில் விட்டார். அரசரே அந்த அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். செடி வெளுத்ததும் சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

பண்டிதர் குனிந்தார், நிமிர்ந்தார். "அரசே, இது புது இனம். பருத்தியான். பஞ்சைத் தின்று பஞ்சுபோலவே ஆகியிருக்கிறது பாருங்கள். பருத்திக் காடுகளை உடனே வெட்ட வேண்டும்."

அரசர் மெல்லச் சொன்னார்: "பண்டிதரே, இவை செம்பருத்திப் பூச்சிகள். என் கண்முன்னால் இதில் விட்டார்கள்."

பண்டிதர் கொஞ்சம் விழித்தார். ஆனால் சளைக்கவில்லை. "அதனால் என்ன? செம்பருத்தியை விட்டதும் அது செம்பருத்தியான் இல்லை. உட்கார்ந்த இடமே அதன் குலம். இது சாஸ்திரம்."

அரசர் தலையசைத்தால் விடிவதற்குள் பருத்தி போய்விடும். கூத்தநம்பி நிதானமாகத் தொட்டியைத் தூக்கினார். பண்டிதர் அருகே போய், செடியைச் சாய்த்து ஒரு உலுக்கு உலுக்கினார். பண்டிதரின் சால்வை, தாடி, தொந்தி எல்லாம் வெள்ளைப் பூச்சி.

"பண்டிதரே, இப்போது இதன் பெயர் என்ன?"

பண்டிதர் தாடியைத் தட்டித் தட்டி உதறினார்.

"நானே வைக்கிறேன். பண்டிதரான்." கூத்தநம்பி அரசரைக் கும்பிட்டார். "அரசே, பூச்சிக்குப் பெயர் வந்துவிட்டது. ஆணைப்படி அடுத்து ஆகவேண்டியதைச் செய்யச் சொல்லுங்கள்."

வாசலில் நின்ற வெட்டுக்காரர்கள் கோடரியோடு இரண்டடி முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு ஆணை என்றால் ஆணைதான்.

"அரசே, பொறுங்கள்," என்றார் பண்டிதர். "இது செம்பருத்தியில் இருந்த அதே பூச்சி. என்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது."

"இடம் மாறினால் இனம் மாறாதா?"

"மாறாது, அரசே."

"கத்தரியில்?"

"அதே பூச்சி."

"மாதுளையில்?"

"அதுவும் இதுதான்."

அரசர் வெகுநேரம் சிரித்தார். ஆணையைக் கிழித்துப் போட்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தநம்பிக்குப் போட்டார். "இனி என்ன செய்யலாம், நம்பி?"

"எதையும் வெட்ட வேண்டாம், அரசே. பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவினால் போதும்."

அண்டா அண்டாவாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வந்தது. தோட்டக்காரர்கள் தேங்காய்நாரோடு வரிசையில் நின்றார்கள்.

"எதிலிருந்து ஆரம்பிப்பது, ஐயா?"

"பண்டிதரிலிருந்து," என்றார் கூத்தநம்பி.