பௌர்ணமி மானுக்கு, அமாவாசை பன்றிக்கு

கல்லாத்துக் காட்டில் கோடையிலும் வற்றாத சுனை ஒன்றே ஒன்றுதான். மான்களும் பன்றிகளும் அங்கேதான் தண்ணீர் குடித்தாக வேண்டும். சிறுத்தையும் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

ஆனால் பௌர்ணமியிலும் அமாவாசையிலும் அது யாரையும் தொடாது. முன்னொரு பஞ்சத்தில் எல்லா மிருகங்களும் ஒன்றாக நோன்பிருந்து மழை கேட்டன. மழை பெய்தது. அன்று முதல் அந்த இரண்டு நாளும் வேட்டைக்கு விடுமுறை. சிறுத்தையின் பாட்டன் கொடுத்த வாக்கு அது. எந்தச் சாமிக்கு நோன்பிருந்தோம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தாகம்தான் பெரிதாக இருந்தது.

மஞ்சாடி என்ற பெண்மானுக்கு அந்த நாட்கள்தான் உயிர். அதன் குட்டிக்குப் பின்னங்கால் ஊனம். மற்ற நாட்களில் மான்கள் பாய்ந்து வந்து, ஒரு வாய் குடித்து, பறந்துவிடும். குட்டியால் முடியாது. ஈரமுள்ள தண்டுகளை மென்று, விடுமுறை எப்போது வரும் என்று புதரில் கிடக்கும்.

ஒரு பௌர்ணமியில் மான்களின் தலைவன் கிளைக்கொம்பன் சுனைக்கரையில் ஏறி நின்றது. "இது எங்கள் புள்ளித்தாய் வாங்கிக் கொடுத்த நாள்! அவள் பேரைச் சொல்லிவிட்டு எல்லாரும் குடியுங்கள்!"

பன்றிகளின் தலைவன் முள்முதுகன் சீறியது. "யார் அவள்? மழையை வரவழைத்தது எங்கள் சேற்றப்பன்!"

"சேற்றில் புரள்கிறவனுக்குச் சாமி ஒரு கேடா!"

"காற்றுக்கே நடுங்குகிறவனுக்குத் திருநாள் ஒரு கேடா!"

வழக்கு சிறுத்தையிடம் போனது. சிறுத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"நீங்கள் இருவரும் பெரிய பக்தர்கள். ஒரே நாளில் இரண்டு சாமியை நிறுத்தினால் பாவம் என்னைச் சேரும். பௌர்ணமி மானுக்கு, அமாவாசை பன்றிக்கு. அவரவர் நாள் அவரவர்க்கு மட்டும்!"

இரண்டு கூட்டமும் குதித்துக் கொண்டாடின. மஞ்சாடி மட்டும் கேட்டது: "தலைவரே, அமாவாசையன்று நாம் எப்படிக் குடிப்பது?"

"அவன் திருநாளில் நமக்கு என்ன வேலை? வெட்கமாக இல்லை உனக்கு?"

"வெட்கம் எனக்குத்தானே? தாகம் குட்டிக்கு."

"ஒரு நாள் பொறுத்தால் செத்தா போகும்?" என்று கிளைக்கொம்பன் எரிந்து விழுந்தது.

அமாவாசை வந்தது. குட்டியின் நாக்கு வெளியே தொங்கியது. மஞ்சாடி அதைத் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு, சுனைக்கரையில் சேற்றப்பனைப் பாடிக்கொண்டிருந்த பன்றிகளிடம் போனது.

"அண்ணா, என் பிள்ளை ஒரு வாய் குடிக்கட்டும்."

"வா தங்கச்சி! சேற்றப்பன் பேரைச் சொல்லிவிட்டுக் குடிக்கச் சொல்," என்றது முள்முதுகன்.

"சேற்றப்பா! சேற்றப்பா! போதுமா, இன்னும் சொல்லவா?" என்று குட்டிக்காகத் தானே சொன்னது மஞ்சாடி.

பன்றிகள் சிரித்து வழிவிட்டன. குட்டி தண்ணீரில் வாய் வைத்தது. பாறைக்குப் பின்னாலிருந்து சிறுத்தை பாய்ந்தது.

"அண்ணா!" என்று அலறியது மஞ்சாடி.

"ஐயா, அது எங்கள் விருந்தாளி!" என்றது முள்முதுகன்.

குட்டியின் கழுத்தில் காலை ஊன்றியபடி சிறுத்தை சொன்னது: "தீர்ப்பில் விருந்தாளிக்கு நாள் இல்லையே! இன்று பன்றிக்கு விடுமுறை. இது மான். நீங்கள் பாட்டைத் தொடருங்கள்!"

பன்றிகள் திரண்டு பாய்ந்திருந்தால் சிறுத்தை ஓடியிருக்கும். முள்முதுகன் தன் குட்டிகளைப் பார்த்தது. 'இவனைப் பகைத்தால் இருக்கிற ஒரு நாளும் போய்விடும்' என்று எண்ணியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தது. பாட்டு நிற்கவில்லை.

அடுத்த பௌர்ணமியில் மான்கள் புள்ளித்தாயைப் பாடின. கோரைக்குள்ளிருந்து ஒரு பன்றிக்குட்டியின் வீறிடல் கேட்டது.

"இன்னும் உரக்கப் பாடுங்கள்!" என்றது கிளைக்கொம்பன்.

மஞ்சாடி பாடவில்லை. ஓடிப்போய்க் காப்பாற்றவும் அதற்குத் துணிவில்லை. சத்தம் அடங்கும்வரை தலை குனிந்து நின்றது. முன்பெல்லாம் மாதத்தில் இரண்டு நாள் பட்டினி கிடந்த சிறுத்தை, அந்தக் கோடைக்குப் பிறகு ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை.

எல்லாருக்கும் பொதுவான நாளை என் சாமிக்கு, உன் சாமிக்கு என்று பங்கு போடுகிறவர்கள், கொல்கிறவனுக்கு இருந்த பட்டினி நாளைத்தான் ஒழித்துக் கொடுக்கிறார்கள்.