பாதைப் பக்கத்து இலைகள்

சிற்றம்பலம் தபால் துறையில் ஓய்வு பெற்றபின் தாவரவியல் படிக்க வந்தவர். அவருடைய ஆசிரியை பூங்கோதைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

அன்று காலை அவர் உட்காரவே இல்லை. ஆசிரியையின் மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார்.

"புதுச் செடியப் பத்தின கட்டுரைய அனுப்பிடலாம் மேடம். கேரளாக்காரங்களும் அந்த மலை ஏறியிருக்காங்க. முந்திக்கிட்டா என்ன பண்றது?"

மேசையில், செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த கிளைகள் கிடந்தன. இலை முழுக்க வெள்ளை ரோமம், பூனைக்குட்டி முதுகு மாதிரி. கீழ்க்காட்டில் இதே மாதிரிச் செடி வழவழப்பான இலையோடு நிறைய உண்டு. அதற்கு எப்போதோ பெயர் வைத்தாயிற்று. ரோமம் உள்ளது புது இனம் என்பது சிற்றம்பலத்தின் கட்சி. அதற்குத் தன் மனைவி காந்திமதியின் பெயரை வைத்துவிட வேண்டும் என்று துடித்தார். காந்திமதி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆசையைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது.

"எல்லாமே ரோமமா இருக்கே சார். எந்தப் பக்கத்துல பறிச்சீங்க?"

"பாதைப் பக்கந்தான். செடி பாதையோரமாத்தானே நிக்குது."

"நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

"நாளைக்கா? அதுக்குள்ள அவங்க அனுப்பிட்டா?"

பூங்கோதை கிளைகளை மூடிவைத்தார்.

மறுநாள் மலை மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. சிற்றம்பலம் பையிலிருந்து கம்பளிக் குல்லாவை எடுத்துக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். காந்திமதி பின்னிய குல்லா. தாவரவியல் துறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

"பாருங்க மேடம், எவ்வளவு ரோமம்!"

பூங்கோதை செடியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே ஒரு பாறை. செடியின் பாதி அதன் மறைவில் வளர்ந்திருந்தது. காற்று இல்லை, வெயில் இதமாக இருந்தது. பின்னாலேயே வந்த சிற்றம்பலத்துக்கு வியர்த்தது. குல்லாவைக் கழற்றிப் பையில் போட்டார். அப்போதுதான் கையில் ஒரு இலை பட்டது. வழவழவென்றிருந்தது.

"இது வேற செடி," என்றார் அவசரமாக.

"அடித்தண்டு வரைக்கும் தடவிப் பாருங்க சார்."

அவர் மண்டிபோட்டுக் கிளைக்குள் கையை விட்டார். இரண்டு பக்கத்துக் கிளைகளும் ஒரே தண்டில் போய்ச் சேர்ந்தன. நம்பாமல் மறுபடியும் தடவினார்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா இருக்கே மேடம். எப்படி ஒரே இனம்ங்கிறீங்க?"

"குல்லாவக் கழட்டினதும் நீங்க வேற ஆளாயிட்டீங்களா சார்?"

சிற்றம்பலம் எழுந்திருக்கவில்லை. செடிமேல் கோபமா, ஆசிரியை மேல் கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப அவ பேர் சொல்ல இந்த மலையில ஒண்ணுமே இல்லையா?"

பூங்கோதை அவர் எழும்வரை காத்திருந்தார். பிறகு இருவரும் பாதைக்குத் திரும்பினார்கள். பாறையைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. அவர் வெறுந்தலையோடு விறுவிறுவென்று முன்னே நடந்தார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க," என்றார் பூங்கோதை. "காத்து அடிக்குது. அவங்க பின்னினதப் போட்டுக்குங்க."